காகிதம்தானே, என்ன ஆகப்போகிறது?

போன புரட்டாசியில், கொலுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி பெரிய அட்டைப்பெட்டியோடு காரில் வந்து இறங்கினார். பரணிலிருந்து பொம்மைகளை இறக்கினாராம், ஒன்று மட்டும் ஒரு மாதிரி இருக்கிறதாம். பெட்டிக்குள் தடித்த பிளாஸ்டிக் கவர், அதன் வாயைச் சுற்றி நாலு சுற்று செலோடேப். கத்தரி வைத்துப் பிரித்ததும் பட்டறை முழுக்க ஒரு வாடை. மழையில் நனைந்த கோணிச்சாக்கை மூலையில் சுருட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. உள்ளே ஒன்றரை அடி உயரச் சரஸ்வதி. வீணைக் குடத்தில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். முதுகில் பெயிண்ட் அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கழுத்துக்குள் இருந்த கட்டுக்கம்பி துருவேறி, செம்பழுப்பாக ஒரு கோடு மார்புவரை வழிந்திருந்தது.

“யார் செய்தது ஆச்சி?” என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. பீடத்தைத் திருப்பினால் அடியில் என் கையெழுத்து.

“நீங்க செஞ்சு குடுத்ததுதான் தம்பி. காகிதம்தானே, காத்துப் போகாம கட்டி வச்சா அப்படியே இருக்கும்னு நெனச்சேன்” என்றார் ஆச்சி. என்மேல் பழி போடவில்லை. தன் பக்கம்தான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் பங்கு கால்வாசிகூட இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணிக் கடைசியில் அவசரமாக வந்த ஆர்டர் அது. அந்த வருடம் சாயங்காலமானால் இடியும் மழையும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். உள்ளே காயவில்லை என்பது கைக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன்.

காரைக்குடிப் பக்கம் இருபது வருடங்களுக்கு மேலாகக் காகிதக் கூழில் பொம்மைகளும் சிலைகளும் செய்கிறேன், பழைய பொம்மைகளைப் பழுது பார்க்கிறேன், கூப்பிடுகிற பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் “காகிதம்தானே, என்ன ஆகப்போகிறது?” என்பதுதான். மண் சுமை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கெடுதல், காகிதம் சாது என்று எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. காகிதம் சாதுதான். அதோடு நாம் எதைச் சேர்க்கிறோம், அதன்மேல் எதைப் பூசுகிறோம், அதை எவ்வளவு அவசரப்படுத்துகிறோம் என்பதில்தான் வில்லங்கம் எல்லாம் இருக்கிறது.

காகிதக் கூழ் வேலையைப் பேப்பர் மேஷ் என்றதும் காஷ்மீரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த வேலை என்று நினைக்கிறார்கள். பேர் பிரெஞ்சுப் பேர்தான், ‘மென்ற காகிதம்’ என்று பொருள். காஷ்மீரில் உருவம் செய்வதைச் சக்த்சாஸி என்றும், அதன்மேல் சித்திரம் எழுதுவதை நக்காஷி என்றும் இரண்டு தனித் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் காகிதக் கூழ் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் கூழில் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த வேலை அறிமுகமானது பொம்மையில் இல்லை, முறத்தில். காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, ஆட்டுரலில் வெண்ணெய்போல ஆட்டி, மூங்கில் முறத்தின் இடுக்கு அடைபடும்படி எங்கள் அப்பத்தா மெழுகுவார். மிச்சக் கூழைக் கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் காயவைத்தால் அது ஒரு கூடை. பருப்பு, வற்றல், மிளகாய் எல்லாம் அதில்தான் கிடக்கும். வெந்தயத்தின் கொழகொழப்புத்தான் பசை, கசப்புத்தான் பூச்சிக்குக் காவல் என்பது அவர் கணக்கு. வேறு ஒரு பொருள் உள்ளே போகவில்லை என்பதை இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கூடையைச் சொன்னதும் சிலர் “அப்படியானால் நாமும் செய்து முறுக்கு, சீடை போட்டு வைக்கலாமே” என்று கேட்பார்கள். அழகுக்குச் செய்யுங்கள், பலகாரம் மட்டும் வேண்டாம். செய்தித்தாளில் இருப்பது அச்சு மை. செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலும் மறுபடி 2023இலும் சொல்லிவிட்டது. பஜ்ஜி மடிக்கவே கூடாத தாளை அரைத்துச் செய்த கிண்ணத்தில் எண்ணெய்ப் பலகாரம் எப்படி வைப்பது? இதே காரணத்துக்காக, கூழ் அரைக்கிற மிக்சி ஜாரும் சமையலறைக்குத் திரும்பிப் போகக் கூடாது. கழுவிவிட்டால் போயிற்று என்று நினைத்துத் தேங்காய்ச் சட்னி அரைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு முறை நடந்தது, அதன்பிறகு வீட்டில் எனக்குத் தனி ஜார் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, ஈரத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் முக்கால்வாசித் தப்பும் அங்கேதான் நடக்கிறது.

கூழ் உருண்டையைப் பிழிந்து அச்சில் அப்பும்போதும் அதில் நிறைய நீர் நிற்கிறது. அது வெளியேற ஒரே வழி மேல்தோல். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். அதற்கு அடியில் இருக்கிற நீர் மெல்ல மெல்லத்தான் ஏறி வரும். அது வருவதற்குள் நாம் மேலே வெள்ளைப் பூச்சு, எனாமல், வார்னிஷ் என்று மூன்று கதவுகளைச் சாத்திவிடுகிறோம். உள்ளே மாவுப் பசை இருக்கிறது, ஈரம் இருக்கிறது, இருட்டு இருக்கிறது. பூசணத்துக்கு இதைவிட வசதியான வீடு வேறு உண்டா? பொம்மை உடனே காட்டிக்கொடுக்காது. ஒரு கொலு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்த கொலுவுக்குத்தான் சேதி தெரியும்.

காய்ந்ததா என்று பார்க்க விரலை நம்பாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும், அதனால் காயாத பொம்மை கன்னத்துக்குச் சில்லென்று இருக்கும். நிழலில் ஒரு மணி நேரம் கிடந்த பொம்மையைத்தான் இப்படிப் பார்க்க வேண்டும், வெயிலிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மண்பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் தட்டியும் பார்க்கலாம். காய்ந்தது ‘டக்’ என்று சொல்லும், காயாதது ‘மொத்’ என்று விழுங்கும். இந்த இரண்டையும்விட நம்பகமானது தராசு. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு ஒன்று போதும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்துப் பீடத்தின் அடியில் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது. இந்தப் பழக்கம் எனக்கு அந்தச் சரஸ்வதிக்கு அப்புறம்தான் வந்தது. இருபது வருட அனுபவம் என்று மேலே பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே, அதில் பதினெட்டுக்கு மேல் தராசில்லாத வருடங்கள்.

ஈரம் சீக்கிரம் வெளியேற வேண்டுமென்றால் பொம்மை உள்கூடாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, கூழைக் கொழுக்கட்டை மாவுபோல உருட்டிக் கெட்டியாகச் சிலை பிடிப்பது. கெட்டிக் கூழ் காயவே காயாது, காய்ந்தாலும் சுருங்கிப் பிளக்கும். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் கனத்துக்குமேல் அப்ப வேண்டாம். அது காய்ந்தபின் அடுத்தது. நான் களிமண்ணில் உருவம் பிடித்து, பிளாஸ்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு பாதி அச்செடுத்து, அச்சுக்குள் கூழை மெல்லிசாக அழுத்துவேன். இரண்டு பாதியும் தனித்தனியே, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் காற்றுப் படக் காய்ந்தபிறகே ஒட்டுவேன். அச்சில்லாமல் வீட்டில் செய்கிறவர்கள் பலூன்மேலோ சுருட்டிய தாள்மேலோ கீற்றுக் கீற்றாக ஒட்டி, காய்ந்ததும் முதுகில் கத்தியால் கீறி உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். உள்பக்கமும் காய்ந்தபின் மூடிக்கொள்ளலாம். பீடத்தின் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், அதைக் கடைசிவரை பெயிண்டால் அடைக்கவும் கூடாது. நிற்கிற பொம்மை சாயாமலிருக்க அடியில் மணல் வைப்போமே, அந்த மணலை வறுத்து வைக்க வேண்டும். பச்சை மணலை வைத்துவிட்டுப் பொம்மை ஏன் அழுகியது என்று தேடிய ஆசாமியும் நான்தான்.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் பொம்மை காயவைப்பதற்காக வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும், கட்டவில்லை. ஆனால் இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு மூன்று நாள் சுற்றுத் தாழ்வாரத்து நிழலில், காற்றோட்டத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி விட வேண்டும். எடுத்த எடுப்பில் முற்றத்து வெயிலில் வைத்தால் மூக்கும் விரல்களும் முதலில் காய்ந்து இழுக்கும், முகம் கோணிக்கொள்ளும். நாலாம் நாள் முற்றத்துக்கு நகர்த்தலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேராக வைக்காமல், கயிற்றுக் கட்டில்மேலோ கம்பி வலைமேலோ வைத்தால் அடியும் காயும். ஆனி வெயிலில் ஒன்றரை அடி பொம்மை எனக்குப் பன்னிரண்டு, பதினைந்து நாள் பிடிக்கிறது. ஐப்பசியில் ஒரு மாதம் ஆனாலும் சொல்வதற்கில்லை. மைக்ரோவேவில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். உள்ளே கம்பி இருந்தால் பொறி பறக்கும், இல்லாவிட்டாலும் உள்ளே கருகும். வேண்டாம்.

கம்பி என்றதும் ஒன்று. கை, கழுத்துக்கு உள்ளே கொடுப்பதற்குக் கட்டட வேலைக்கு வாங்குகிற கறுப்புக் கட்டுக்கம்பியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஈரக் கூழில் அது துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வாங்குங்கள், அல்லது மூங்கில் குச்சி. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்ததன் விலை அந்தச் சரஸ்வதியின் மார்பில் வழிந்த கோடு.

அடுத்தது பசை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பள்ளி ஆசிரியர்கள் முக்கியமாக.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் பிள்ளைகள் ஒரு ஆனையைப் பாதி செய்து முடித்திருந்தார்கள். வாளியில் மைதாப் பசை, அதில் லேசான நீலப் பச்சை. “என்னம்மா கலந்தீங்க?” என்றேன். கெட்டுப்போகாமல் இருக்க மயில்துத்தம் போட்டதாக ஆசிரியை சொன்னார், பைண்டிங் செய்கிறவர் சொல்லிக் கொடுத்தாராம். சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் புத்தகம் கட்டுகிறவர்களும் பூச்சியும் பூசணமும் வராமலிருக்கப் பசையில் துத்தம் போடுவது வெகுநாள் வழக்கம். ஆனால் துத்தம் என்பது செம்பின் உப்பு, விஷம். வயிற்றுக்குள் போனால் எரிச்சல், வாந்தி, அளவு மிஞ்சினால் கல்லீரலும் சிறுநீரகமும் அடிபடும். கண்ணில் பட்டால் புண்ணாக்கும். அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முழங்கைவரை அதில் அளைந்துகொண்டிருந்தார்கள், ஒருவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லோரையும் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனையை மட்டும் பெரிய கவரில் கட்டி ஓரமாக வைக்கச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளோடு செய்யும்போது பசையைச் சேமித்து வைக்கவே வேண்டாம் என்பது என் முறை. அன்றன்றைக்குக் காய்ச்சி, அன்றன்றைக்கே தீர்த்துவிட்டால் துத்தத்துக்கு வேலையில்லை. ஒரு பங்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து பங்கு கொதிக்கிற நீரில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடிபோல வரும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை இன்னும் கெட்டி. அதன் பிடிப்பு மைதாவுக்கு வராது, வேலைதான் அதிகம். வெந்தயத்தை ஊறவைத்துக் கூழோடே அரைத்துவிடலாம். மொத்தத்தில், சரியாகக் காயவைத்த பொம்மைக்குப் பூசண மருந்து தேவைப்படுவதில்லை. ஈரத்தைச் சமாளிக்கத் தெரியாதவர்கள்தான் மருந்தைத் தேடுகிறார்கள். உப்புப் போட்டால் பூசணம் வராது என்று இன்னொரு யோசனை சுற்றுகிறது. ஊறுகாய்க்குச் சரி. பொம்மையில் உப்பு மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எந்தக் காகிதம் என்பதிலும் கவனம் வேண்டும். பேருந்துப் பயணச்சீட்டு, ஏ.டி.எம். சீட்டு, கடை பில் போன்ற வழுவழுத் தாள்களைக் கூழில் சேர்க்காதீர்கள். மையில்லாமல் சூட்டில் எழுத்துத் தெரிகிற அந்தத் தாள்களின் பூச்சில் பெரும்பாலும் பிஸ்பினால் வகை ரசாயனங்கள் இருக்கும், ஊறவைத்துப் பிசைவது தோலுக்கு நல்லதில்லை. பளபளப்பு வாரப்பத்திரிகைத் தாள் கெடுதல் இல்லை, ஆனால் ஊறாது. எனக்குப் பிடித்தது முட்டை அட்டைதான். ஏற்கெனவே கூழாக இருந்தது என்பதால் சீக்கிரம் கரையும். அழுக்கில்லாததாகப் பொறுக்கி, கொதிக்கவைத்த பிறகே கையால் தொடுங்கள்.

காகிதம் பற்றி இன்னொன்று. பொம்மைக்குத் தொடர்பில்லாத மாதிரி இருக்கும், சொல்லாமல் விட முடியவில்லை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் “கூழுக்கு ஆகுமே” என்று மூட்டை மூட்டையாகப் பழைய தாள் கொண்டுவந்து போடுகிறார்கள். அப்படி வந்த ஒரு மூட்டையைப் பிரித்தால் ரங்கூனிலிருந்து வந்த வட்டிக்கடைப் பேரேடுகளும், கல்யாண அழைப்பிதழ்களும், மொய்ப்பண நோட்டுகளும். கையால் செய்த தாள், அருமையாக ஊறும். எனக்குக் கை வரவில்லை. கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்து, படிக்கிறவர்கள் யாரிடமாவது ஒருமுறை காட்டுங்கள் என்றேன். இதே சீமையில், கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், மற்றவர்கள் குப்பை என்று கழித்த புத்தகத்தையும் துண்டுப் பிரசுரத்தையும் அழைப்பிதழையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, சென்னையில் அவர் பேரில் ஆராய்ச்சி நூலகமாக இன்று நிற்கிறது. அவர் வீட்டுத் தாள்களை யாராவது என்னைப் போன்றவனிடம் கூழுக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு முட்டை அட்டை போதும்.

இனி பழைய பொம்மைகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிப் பார்த்தால் எனாமல் தூக்குகளுக்கும் பர்மா மரவைகளுக்கும் நடுவே கூழ்ப் பொம்மைகளும் கிடைக்கும். வாங்கி வந்தவர்கள் செய்கிற முதல் வேலை, உப்புத்தாள் போட்டுப் பழைய வண்ணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புது வண்ணம் அடிப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய மஞ்சள், பழைய செம்மஞ்சள், பழைய வெள்ளை ஆகிய நிறங்கள் ஈயத்திலிருந்து செய்யப்பட்டவையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. குரோம் மஞ்சள் என்பதே ஈயக் குரோமேட்தான். பொம்மையாக நிற்கும்வரை பெரிய தொல்லையில்லை, தேய்த்தால் அது தூசு. தூசு தரையில் படியும், தவழ்கிற குழந்தையின் கைக்குப் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். ஈயத்தில் இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பிடிக்கும்.

புது வண்ணமென்றால் பயமில்லையா? இந்தியாவில் வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த விதி வீட்டுப் பெயிண்டுக்கு. கிரில் கேட்டுக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கிற தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் வராது. பளபளப்பு வேண்டுமென்று அதை வாங்கிப் பொம்மைக்கு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சில்லறையாகப் பொட்டலத்தில் விற்கிற பவுடர் கலரையும் நான் தொடுவதில்லை. டப்பாவில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்ட, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் போதும். பழைய பொம்மையைச் சுத்தம் செய்ய மெல்லிய உலர்ந்த தூரிகை, அப்புறம் லேசாக ஈரம் தொட்ட பஞ்சு. அதையும் முதுகுப் பக்கம் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வர வேண்டும். பசையில் குழைத்த, நீரில் கரைகிற வண்ணமாக இருந்தால் ஈரப் பஞ்சோடு அம்மனின் கண்ணும் வந்துவிடும். பெயர்ந்த இடத்தை மட்டும் ஒட்டி, விட்டுப்போன நிறத்தை மட்டும் தொட்டு வையுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்து எறிய வேண்டும். முகத்தில் என்-95 முகமூடி, வீட்டில் குழந்தைகள் இல்லாத நேரம். புதுப் பொம்மையின் சாக் பவுடர்ப் பூச்சைத் தேய்க்கும்போதும் எனக்கு முகமூடி உண்டு. முப்பது வயதில் இல்லை. இப்போது காலையில் இருமும்போது அந்த வருடங்கள் நினைவுக்கு வருகின்றன.

பூசணம் பிடித்த பொம்மையையும் நடுக்கூடத்தில் வைத்துத் தட்டாதீர்கள். வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோங்கள். இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அச்செடுக்கிறவர்களுக்கு ஒரு வரி: குழந்தையின் கையையோ முகத்தையோ நேராகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுக்கவே கூடாது. அது இறுகும்போது கனமான இடத்தில் சூடு 60 டிகிரியையும் தாண்டும், கையை உருவவும் முடியாது. பல் மருத்துவர்கள் அச்செடுக்கிற ஆல்ஜினேட் என்று கேட்டு வாங்குங்கள்.

விநாயகர் சதுர்த்தி வந்தால் என்னிடம் “கரைக்கிற மாதிரி ஒரு பேப்பர் பிள்ளையார்” என்று கேட்பார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் சொல்லியிருப்பதால், காகிதம் என்றால் புண்ணியம் என்று எண்ணம். நான் செய்து கொடுப்பதில்லை. விற்பனை போகிறதே என்று வீட்டில் சொல்வார்கள், போகட்டும். நம் ஊர்ப் பிள்ளையாரைக் கரைப்பது கடலிலா? வற்றாத ஆறு இல்லாத சீமை இது. வானத்து நீரைச் சேர்த்துக் குடிப்பதற்காக ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, படித்துறை கட்டி, கால்வைக்க விடாமல் காத்தவர்கள் நம் முன்னோர்கள். அதில் ஐந்து கிலோ கூழைப் போட்டால் அது நாராகப் பிரிந்து அடியில் படிந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற உயிர்க்காற்றைத் தின்னும், அளவு கூடினால் மீனுக்கே மூச்சு முட்டும். மையும் பசையும் மேல்வண்ணமும் தனிக்கணக்கு. வண்ணம் பூசாத, சுடாத களிமண் பிள்ளையாரை மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் கேட்டு வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுங்கள். கூழ்ப் பிள்ளையார் வேண்டுமா, வருடா வருடம் எடுத்து வைத்துக் கும்பிடுகிற மாதிரி செய்து தருகிறேன். கரைக்காத பிள்ளையார் நம் ஊருக்குப் புதிதா என்ன? பிள்ளையார் நோன்பன்று நகரத்தார் வீடுகளில் மாவில் பிள்ளையார் பிடித்து, நூல் இழைத் திரி வைத்து ஏற்றி, அந்த இழை மாவைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள், ஊருணிப் பக்கமே போவதில்லை.

எடுத்து வைப்பது பற்றி ஆச்சியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போதும். துவைத்துக் கஞ்சி போடாதது, ஏனென்றால் கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். அட்டைப்பெட்டியைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல் பலகைமேல் வையுங்கள், கரையான் வந்தால் முன்கூட்டியே கண்ணில் படும். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் முடிந்து போடலாம். அந்துருண்டை வேண்டாம். சிலவகை ரத்தக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்த அணுக்களை உடைக்கும், அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை. அப்புறம், கொலுவுக்கு மட்டும் என்று விடாமல் தை மாதத்தில் ஒரு நாள் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். மழைக்காலம் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஆச்சிக்குப் பணம் வாங்காமல் புதுச் சரஸ்வதி செய்து தருவதாகச் சொன்னேன். போன கொலுவுக்கு முடியாது, அடுத்த கொலுவுக்குத்தான் என்றும் சொன்னேன். அந்த வருடம் அவர் வீட்டு மூன்றாம் படியில் நடு இடம் காலியாக இருந்ததாம். வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் “சரஸ்வதி படிக்கப் போயிருக்கா” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

இந்த முறை ஆனியிலேயே தொடங்கிவிட்டேன். உள்கூடு, ஜி.ஐ. கம்பி, புளியங்கொட்டைப் பசை. நேற்றுச் சாயங்காலம் ஆச்சி போனில் கூப்பிட்டார். “தம்பி, காஞ்சிருச்சா? வண்டிய அனுப்பவா?” பீடத்தைத் திருப்பிப் பென்சில் கணக்கைப் பார்த்தேன். முந்தாநாள் 1,262 கிராம். நேற்று 1,258.

“இன்னும் இறங்குது ஆச்சி” என்றேன்.